முதுகுவலி என்று வந்தவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி: எம்பிபிஎஸ் மாணவர்கள் மனநலத்தை எப்படிக் கற்கிறார்கள்?

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். காலை நேர ஓபி. 48 வயது பட்டு நெசவாளர் ஒருவர் வருகிறார். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலி என்கிறார். போகிற போக்கில், "கொஞ்ச நாளா தூக்கமே இல்ல சார். சாப்பாடு இறங்கல. நெஞ்சு படபடனு அடிச்சுக்குது" என்றும் சொல்கிறார். டாக்டர் பிபி பார்க்கிறார். இசிஜி எடுக்கச் சொல்கிறார். எல்லாம் நார்மல். வலி மாத்திரை, சத்து மாத்திரை, அல்சர் மாத்திரை. சில நிமிடங்களில் அடுத்த டோக்கன்.

அங்கே கேட்கப்படாமல் போனவை இரண்டு கேள்விகள். "ரெண்டு வாரமா மனசு எப்படி இருக்கு, சோர்வா, வெறுமையா இருக்கா?" "முன்னாடி பிடிச்ச விஷயங்கள்ல இப்பவும் நாட்டம் இருக்கா?" மனச்சோர்வு இருக்குமா என்று முதல் கட்டமாகத் தெரிந்துகொள்ள உலகின் பல நாடுகளில் பொது மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

அந்த டாக்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்கு அதைக் கேட்க யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? ஐந்தரை வருட எம்பிபிஎஸ் படிப்பில் மனநலத்துக்கு என்ன இடம்? பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மூன்று காரணங்கள்.

முதலாவது, புதிய கல்லூரிகள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமல் நின்றவை 6 மாவட்டங்கள்: காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பெரம்பலூர், மயிலாடுதுறை, தென்காசி. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி புது மாவட்டத்தோடு போய்விட்டது. ஏனாத்தூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருந்தாலும், அரசுக் கல்லூரி வேண்டும் என்பது காஞ்சிபுரத்துக்காரர்களின் கோரிக்கை. கல்லூரி வரட்டும். அதில் என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரண்டாவது, சட்டம் வைத்திருக்கும் கெடு. மனநல பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ல். அதன் 31-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர மனநல சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும். இரண்டு, சட்டம் வந்து 10 ஆண்டுகளுக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ப மனநல வல்லுநர்களின் எண்ணிக்கையை சர்வதேச அளவுகோலுக்குக் கொண்டுவர முயற்சிகள் எடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் கெடு 2028 மே.

மூன்றாவது, எண்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு இருக்கும் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை? 0.75 என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. ஒருவர்கூட முழுதாக இல்லை.

இதை காஞ்சிபுரத்துக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பிரிப்புக்குப் பிறகான மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்குப்படி 11.6 லட்சத்துக்குச் சற்று மேல். தேசிய சராசரியை அப்படியே போட்டால் சுமார் 9 மனநல மருத்துவர்கள். வயதுவந்தோர் 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பாதிப்பு உள்ளவர்கள் ஏறக்குறைய 85 ஆயிரம். இது தோராயமான மனக்கணக்குதான். ஆனாலும் 9 பேர் 85 ஆயிரம் பேரைப் பார்க்க முடியாது என்பதற்குத் துல்லியமான கணக்கு தேவையில்லை. அவர்களில் பெரும்பாலானோர் முதலில் போய் நிற்பது ஒரு எம்பிபிஎஸ் டாக்டர் முன்னால்தான்.

எம்பிபிஎஸ்-ல் மனநலத்துக்கு எத்தனை நாள்?

இந்திய மருத்துவ கவுன்சிலின் 1997 விதிமுறைகளின்படி, மொத்தப் படிப்பிலும் மனநல மருத்துவத்துக்கு 20 மணி நேர வகுப்பு, 2 வார வார்டு பயிற்சி. அவ்வளவுதான். படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஒரு வருடத்தில், விருப்பம் இருந்தால் மட்டும் 15 நாள் மனநலப் பிரிவில் வேலை செய்யலாம். விருப்பம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இப்போது 30 வயதைத் தாண்டிய டாக்டர்களில் பெரும்பாலானோர் இந்தப் பாடத்திட்டத்தில் வந்தவர்கள்.

2019-ல் நாடு முழுக்கப் பாடத்திட்டம் மாறியது. எதைப் படித்தாய் என்பதைவிட எதைச் செய்யத் தெரியும் என்று பார்க்கும் திறன் அடிப்படையிலான முறை வந்தது. மனநலத்துக்கு என்ன மாற்றம்?

• வகுப்பு நேரம்: விரிவுரை, சிறு குழு வகுப்பு, சுயமாகக் கற்றல் எல்லாம் சேர்த்து 40 மணி.
• வார்டு பயிற்சி: 4 வாரங்கள்.
• ஹவுஸ் சர்ஜன் காலம்: மனநலப் பிரிவில் 2 வாரம் கட்டாயம்.
• உள்ளடக்கம்: 19 தலைப்புகள், 117 திறன்கள். மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், குழந்தைகள், முதியோர் மனநலம், அவசர நிலை என எல்லாம் உண்டு. காரணம் பிடிபடாத உடல் தொந்தரவுகளுக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நல்ல முன்னேற்றம்தான், மறுக்க வேண்டியதில்லை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்குத் தனிப் பயிற்சியும் இந்தப் பாடத்திட்டத்தில்தான் சேர்ந்தது.

அப்புறம் என்ன பிரச்சினை?

பாடம் இருக்கு... பரீட்சை?

எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார்: தேர்வில் வராத பாடம், கடைசி ராத்திரிகூடப் படிக்காத பாடம்.

எம்பிபிஎஸ் இறுதித் தேர்வில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. மனநல மருத்துவத்துக்குக் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் தோல் நோய் போன்ற மற்ற பிரிவுகளோடு ஒண்டுக்குடித்தனம். மனநலத்தில் ஒரு வரிகூடத் தெரியாமல், மற்ற கேள்விகளில் மதிப்பெண் வாங்கி டாக்டராகிவிட முடியும். இந்திய மனநல மருத்துவர் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தனித் தேர்வு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிய பாடத்திட்டத்தில், மாணவர் தானே செய்துகாட்டி ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டிய செயல்முறைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஊசி போடுவது, தையல் போடுவது மாதிரி. 2018-ல் வெளியான அந்தத் தொகுப்பில் மனநலத்துக்கான இடத்தில் இருந்தது ஒரே சொல்: இல்லை. தையல் போடத் தெரியுமா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். 'உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?' என்று ஒரு நோயாளியிடம் கேட்கத் தெரியுமா என்பதை யாரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

பக்கத்து இலங்கையில் நிலைமை வேறு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற மருத்துவ பீடங்களில் இறுதி எம்பிபிஎஸ் தேர்வில் ஐந்து பாடங்கள். ஐந்தாவது, மனநல மருத்துவம். மற்ற நான்கு மாதிரியே அதிலும் தனியாகத் தேற வேண்டும். நம்மைவிட மனநல மருத்துவர்கள் ஏராளமாக இருக்கும் பணக்கார நாடு என்பதால் அல்ல. எல்லா டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததால்.

எந்த இடத்தில் கற்கிறார்கள்?

மணி நேரத்தைவிட முக்கியமான கேள்வி இது.

தமிழ்நாட்டில் மனநல சிகிச்சையின் வரலாறு நீளமானது. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கியது 1794-ல். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதுதான். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சிக் களம். 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் எம்.சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1984-ல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கியவரும் அவர்தான்.

இவ்வளவு இருந்தும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே நம் சினிமாவிலும் பேச்சிலும் கேலிச் சொல்லாகிவிட்டது. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த 20 வயதுப் பிள்ளைகள்தான் மருத்துவ மாணவர்களாக அந்த வார்டுகளுக்குள் போகிறார்கள்.

அங்கே அவர்கள் பார்ப்பது யாரை? பெரும்பாலும் நோய் முற்றி, சேர்த்தே ஆக வேண்டிய நிலையில் வந்தவர்களை. மருந்து எடுத்துக்கொண்டு தேறி, கல்யாணம் குடித்தனம் என்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் வார்டில் இருக்க மாட்டார் இல்லையா? அதனால் 'மனநோய்னா இப்படித்தான், இது குணமாகாது' என்ற எண்ணம் மாணவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. நாளைக்கு அவர் கிராமத்து டாக்டராகும்போது அவர் முன்னால் வரப்போவது இந்த நோயாளி அல்ல. தூக்கம் வராத நெசவாளர். குழந்தை பிறந்து மூன்று மாதமாகியும் காரணம் தெரியாமல் அழும் தாய். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கி, ஷிப்ட் மாறி மாறித் தலைவலி என்று வரும் 22 வயதுப் பெண். இவர்களைப் பற்றி வார்டு எதையும் சொல்லித்தராது.

வேறு மாதிரியும் சொல்லித்தரலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. வேலூர் சிஎம்சி 1957-ல் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. மாணவர் அங்கே பார்ப்பது ஒரு நோயாளியை மட்டும் இல்லை, ஒரு குடும்பத்தை.

காஞ்சிபுரம் கிராமங்கள் சொன்ன பதில்

ஆஸ்பத்திரிக்கு வெளியே மனநல சிகிச்சை பலன் தருமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நடந்த இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று.

2009, 2010-ல் கோவா, மகாராஷ்டிராவின் சத்தாரா, பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமப்புறம் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். இங்கே அதை நடத்தியது ஸ்கார்ஃப். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதோடு கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போனார்கள். இவர்கள் டாக்டர்களோ நர்ஸுகளோ அல்ல. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, குடும்பத்துக்கு நோயைப் பற்றி விளக்குவது, திரும்ப வேலைக்குப் போக வழி பார்ப்பது, ஊர்க்காரர்களின் ஒதுக்கலைச் சமாளிக்க உதவுவது, இதுதான் வேலை.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீடு தேடிப் போன குழுவில் நோய் அறிகுறிகளும் இயலாமையும் மற்ற குழுவைவிடக் குறைந்திருந்தன. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் மிதமானதுதான். தெளிவான பலன் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில். 2014-ல் லான்செட் இதழில் இந்த முடிவுகள் வந்தன.

மருத்துவக் கல்விக்கு இதில் என்ன பாடம்? மாத்திரைச் சீட்டு எழுதுவது பாதி வேலைதான். வீட்டில் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, தறி ஓடுகிறதா, பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் சிகிச்சையின் மீதிப் பாதி. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், கரைப் பக்கம் உதவுகிறவர் ஒருவர். வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் தறியே நின்றுபோகும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழகாத டாக்டருக்கு, தன் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்பதே புரியாது.

'சாமியிடம் போய்விட்டு வந்தோம் டாக்டர்'

காஞ்சிபுரம் கோயில் நகரம். மனநலப் பாதிப்பு என்றால் நம் ஊரில் முதலில் போவது பெரும்பாலும் கோயிலுக்கு, தர்காவுக்கு, சர்ச்சுக்கு. திருச்சி பக்கம் குணசீலம் இதற்காகவே பெயர் பெற்ற தலம். டாக்டரிடம் வரும்போது பல மாதங்கள், சில நேரம் வருடங்கள் கடந்திருக்கும்.

இதை ஒரு இளம் டாக்டர் எப்படி எதிர்கொள்ள வேண்டும்? "ஏம்மா மூடநம்பிக்கை?" என்று கடிந்துகொண்டால், அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு, தென்னிந்தியக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தது. மருந்து எதுவும் இல்லாமலேயே அவர்களின் அறிகுறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. கோயிலே மருந்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆனால் அடிக்காமல், கட்டிப்போடாமல், குடும்பத்தோடு அமைதியான ஒரு இடத்தில் இருப்பதே ஓரளவு ஆறுதல் தருகிறது என்பதை அது காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தை நாம் மறக்கவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னாளில் ஏர்வாடி தர்கா பகுதியிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது.

ஆக, "சாமியக் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க. கட்டிப்போட மட்டும் கூடாது" என்று மரியாதை குறையாமல் சொல்லத் தெரிவதும் ஒரு மருத்துவத் திறன். கற்றால்தான் வரும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தவறும் வாய்ப்பு

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்து இரண்டாவது இடம்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்படும் ஒவ்வொருவரும் அவசர சிகிச்சைப் பிரிவு வழியாகத்தான் போகிறார்கள். அங்கே முதலில் பார்ப்பது பல நேரம் ஹவுஸ் சர்ஜன், அதாவது 23 வயது எம்பிபிஎஸ் மாணவர். உடம்பைக் காப்பாற்ற அவருக்குத் தெரியும். தேறியதும் டிஸ்சார்ஜ். மனசைப் பற்றிப் பேசாமலேயே வீட்டுக்கு அனுப்பினால், அவர் திரும்பப் போவது அதே வீட்டுக்கு, அதே கடனுக்கு, அதே சண்டைக்கு. ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

"அதைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?" என்ற பயம் மாணவர்களிடமும் உண்டு. ஆகாது. நேரடியாக, கனிவாகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான். சட்டமும் மாறிவிட்டது: 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பதை அல்ல, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது.

டாக்டர் ஆகப்போகிறவர்களின் மனசு?

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. இணையவழிக் கருத்துக்கணிப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் கலந்துகொண்டார்கள். இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். முந்தைய 12 மாதங்களில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31.2 சதவீதம். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எல்லா மாணவர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. அலட்சியப்படுத்தவும் முடியாது.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது இதனால்தான். தன் சோர்வையே வெளியே சொல்லக் கூச்சப்படும் மாணவர், நாளைக்கு நோயாளியின் சோர்வை எப்படிக் காது கொடுத்துக் கேட்பார்? மாணவருக்கு உதவுவதும் மாணவருக்குக் கற்பிப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகிறது.

'எல்லாத்தையும் எம்பிபிஎஸ் டாக்டர் தலையில் கட்டுவதா?'

நியாயமான கேள்வி. ஒரு ஆரம்ப சுகாதார நிலைய ஓபியில் நூறு பேர் காத்திருக்கும்போது, ஒருவரோடு பத்து நிமிடம் பேச முடியுமா? கண்டுபிடித்தாலும் மருந்து கையிருப்பில் இருக்குமா? மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் அங்கே ஆள் இருப்பார்களா? மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. ஆனாலும் பணியிடங்களும் மருந்தும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் இருந்தால்தான் டாக்டர் கற்ற பாடத்துக்கு மதிப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் அரைகுறையாகத்தான் சிகிச்சையும் நடக்கும். தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரை, அதையே மாதக்கணக்கில். பழக்கமாகிவிட்டால் விடுவது கஷ்டம். வாழ்க்கைக் கஷ்டம் எல்லாவற்றையும் நோயாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கூலி பாக்கி வராத நெசவாளருக்குத் தேவை கூலி. மாத்திரை அதற்குப் பதிலாகாது. எது நோய், எது நொந்த மனசு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கும் நல்ல பயிற்சிதான் வழி.

ஆக, கேட்பது ஒவ்வொரு எம்பிபிஎஸ் டாக்டரையும் மனநல நிபுணராக்க அல்ல. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: சந்தேகப்படத் தெரிய வேண்டும், எளிய பாதிப்புகளுக்குச் சிகிச்சை தரத் தெரிய வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். சர்க்கரை நோய்க்கு எல்லா டாக்டரும் இதைத்தானே செய்கிறார்கள்?

என்ன மாறணும்?

• தேர்வு: தனித்தாள் உடனே முடியாவிட்டாலும், மனநலத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்காமல் தேற முடியாது என்ற நிலை வேண்டும்.
• செய்துகாட்டுதல்: தற்கொலை எண்ணம் பற்றி விசாரிப்பது, குடும்பத்திடம் நோயை விளக்குவது ஆகியவற்றை ஆசிரியர் முன்னால் செய்து சான்று வாங்க வேண்டும். அதுவும் தமிழில். 'டிப்ரஷன்' என்று பாடத்தில் படித்தவருக்கு "மனசு விட்டுப்போச்சு", "வாழ்க்கையே வெறுத்துப்போச்சு", "உடம்பெல்லாம் எரியுது" என்று மக்கள் சொல்வது அதே நோயின் குரலாக இருக்கலாம் என்று புரிய வேண்டும்.
• இடம்: 4 வாரத்தில் பாதியையாவது வார்டுக்கு வெளியே செலவிடலாம். பொது ஓபியில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், நோயிலிருந்து மீண்டவர்களின் வீட்டில். இதற்குப் புதிதாக நேரம் ஒதுக்கக்கூட வேண்டாம். எம்பிபிஎஸ் மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை முதல் வருடத்திலிருந்தே தொடர்ந்து கவனிக்கும் 'குடும்பத் தத்தெடுப்பு' 2022 முதல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பிபி, சர்க்கரை பார்க்கும் அதே வீட்டில் தூக்கத்தையும் மனசையும் பற்றிக் கேட்கலாமே.
• மற்ற துறை ஆசிரியர்கள்: பொது மருத்துவப் பேராசிரியர் ஓபியில் ஒரு நோயாளியிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதை மாணவர் ஒருமுறை பார்த்தால் போதும். பத்து விரிவுரை செய்யாததை அது செய்யும்.

காஞ்சிபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தால், இவை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு அதற்கு உண்டு. சுற்றிலும் நெசவாளர் தெருக்கள், தொழிற்சாலை விடுதிகள், கோயில்கள், வீடு தேடிப் போன சிகிச்சையை ஏற்கெனவே பார்த்த கிராமங்கள். இதைவிட நல்ல வகுப்பறை வேறெங்கே கிடைக்கும்?

நீங்கள் செய்யக்கூடியது

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை தூக்கமின்மை, தீராத தலைவலி, படபடப்பு என்று டாக்டரிடம் போகும்போது, உடம்புத் தொந்தரவோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை வாரமாக இப்படி இருக்கிறது, வேலையும் சாப்பாடும் எப்படிப் பாதித்திருக்கிறது, வீட்டில் என்ன நடக்கிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லலாம். பேச யாராவது வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.